தேசபக்தன் நடேசய்யரும் உள்ளூராட்சி எல்லைகளும்

உள்ளூராட்சி மன்றங்களை மறுசீரமைப்பது பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், ஒரு மன்றத்தின் கீழ் எத்தனை பேர் வாழ வேண்டும் என்ற கேள்வியே முதலில் முன்வைக்கப்படுகின்றது. இங்கிலாந்தில் 2024 டிசெம்பரில் வெளியான வெள்ளை அறிக்கை, புதிதாக அமையும் மன்றங்கள் 5 இலட்சம் மக்களையேனும் கொண்டிருக்க வேண்டும் என்பதைப் பொது வழிகாட்டலாகக் கூறியது. டென்மார்க் 2007 ஆம் ஆண்டில் தனது 271 மன்றங்களை 98 ஆகக் குறைத்தது. நமது அயலில் தமிழ்நாடு 12,500 க்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகளை வைத்திருக்க, அதனை அடுத்துள்ள கேரளம் 941 கிராம ஊராட்சிகளுடன் நிறைவடைகின்றது. சரியான எண் இதுவே என்று உலகில் எங்கும் ஒருமித்த முடிவு கிடையாது என்பதை இவ்வேறுபாடுகளே உணர்த்தும்.

நமது மலையகத்தில் இக்கேள்விக்கு முன்னதாக எழும் வேறொரு கேள்வியும் உண்டு. மன்றத்தின் சனத்தொகையைக் கணக்கிடும்போது எண்ணப்படுபவர் எவர், எண்ணப்படாது விடப்படுபவர் எவர் என்பதே அது. அந்தக் கேள்வியின் கசப்பை நேரில் அனுபவித்தவர்களுள் முதன்மையானவர் கோதண்டராம நடேசய்யர். பண்டாரவளை, அப்புத்தளை, பசறை, லுணுகலை என ஊவாத் தோட்டங்களெங்கும் பரவி வாழும் மக்கள், தமது பிரதேச சபையின் எல்லைகளைப் பற்றிச் சிந்திக்கும்போது அம்மனிதரின் வாழ்க்கையை ஒருமுறை மீட்டுப் பார்ப்பது பயனுடையது என நாம் கருதுகின்றோம்.

நடேசய்யர் தஞ்சை மாவட்டத்தில் 1887 ஆம் ஆண்டு பிறந்தவர். அவரது இளமைக்கால ஈடுபாடு அரசியலில் அன்றி வணிகக் கல்வியிலேயே இருந்தது. வணிகப் பாடங்களைக் கற்பித்த ஆசிரியராகவும், 'வர்த்தகமித்திரன்' என்ற பத்திரிகையின் ஆசிரியராகவும் அவர் தஞ்சையில் அறியப்பட்டிருந்தார். கணக்குப் பதிவு, காப்புறுதி போன்ற துறைகளைத் தமிழில் எழுத முடியும் என்று காட்டிய ஆரம்பகால எழுத்தாளர்களுள் அவரும் ஒருவர். கணக்கேடுகளின் மொழியை நன்கறிந்த ஒருவரே பிற்காலத்தில் தோட்டத் தொழிலாளியின் கடன் கணக்கையும் சம்பளக் கணக்கையும் பகிரங்கத்தில் வைத்துக் கேள்வி கேட்டார் என்பது கவனத்திற்குரியது.

வணிகர்களுடனான தொடர்பே 1915 ஆம் ஆண்டளவில் அவரைக் கொழும்புக்கு அழைத்து வந்தது. இங்கு வந்தபோது மலைநாட்டுத் தோட்டங்களில் வாழும் தம் நாட்டவரைக் காண வேண்டும் என்ற விருப்பம் அவருக்கு உண்டாயிற்று. ஆனால் அன்றைய தோட்டம் ஒரு தனி இராச்சியம். துரையின் அனுமதியின்றி வெளியார் எவரும் உள்ளே கால் வைத்தல் அத்துமீறலாகும். உறவினரைப் பார்க்கச் செல்பவரும் கேள்விக்கு உள்ளானார். தோட்டங்களுக்குள் தடையின்றிச் சென்று வரக்கூடியவர்களாக இருந்தோர் தலையிலும் தோளிலும் துணி மூட்டை சுமந்து சென்ற புடவை வியாபாரிகளே. நடேசய்யரும் அவ்வாறான ஒருவராக வேடம் பூண்டு தோட்டங்களுக்குள் புகுந்தார் என அவரது வரலாற்றை எழுதியோர் பதிவு செய்துள்ளனர். லயன் அறைகளின் நெருக்கத்தையும், துண்டு முறையின் கீழ் ஒரு குடும்பம் கடனோடு ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற்றப்படும் கொடுமையையும், பெரிய கங்காணியின் கையில் சிக்கிய சம்பளத்தையும் அவர் கண்டறிந்தது அவ்விதமே.

அந்தப் பயணத்தில் அவர் கண்ட இன்னொன்றையும் நாம் இங்கு வலியுறுத்த வேண்டும். தோட்டத்தில் பாதை போடுபவர், தண்ணீர் வழங்குபவர், மருந்து கொடுப்பவர், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் வைப்பவர், வீட்டிலிருந்து வெளியேற்றுபவர் ஆகிய அனைவரும் ஒருவரே. பக்கத்துக் கிராமத்தவர் தமது கிணற்றுக்கும் பாதைக்கும் கிராமச் சங்கத்தை நாடினர். தோட்டத் தொழிலாளி நாடுவதற்குத் துரையின் அலுவலக வாசலைத் தவிர வேறு இடம் இருக்கவில்லை. அவர் எந்த ஊரின் பிரசையும் அல்லர்.

1919-1920 காலப்பகுதியில் இலங்கையிலேயே தங்கிவிடத் தீர்மானித்த நடேசய்யர், பத்திரிகையைத் தமது முதல் ஆயுதமாக்கிக் கொண்டார். 'தேசநேசன்' முதலில் வந்தது. 1924 இல் 'தேசபக்தன்' தொடங்கப்பட்டது. இந்நாட்டின் தமிழ் நாளிதழ் முயற்சிகளுக்கு அவரே முன்னோடி என்பதைப் பத்திரிகைத் துறையில் உள்ள நாம் நன்றியுடன் நினைவுகூர வேண்டும். ஆங்கிலத்திலும் அவர் பத்திரிகைகள் நடத்தினார். தொழிலாளியின் குறையைத் தமிழில் எழுதினால் தொழிலாளி படிப்பார், ஆங்கிலத்தில் எழுதினால் தேசாதிபதியின் செயலகம் படிக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார். பொலிசாரின் கண்காணிப்பு அவரை நிழல்போலத் தொடர்ந்ததில் வியப்பில்லை.

கொழும்பில் ஏ.ஈ. குணசிங்கவுடன் இணைந்து தொழிற்சங்கப் பணியில் ஈடுபட்ட அவர், 1925 இல் சட்டநிரூபண சபைக்குள் நுழைந்தார். அக்காலத்தில் நாடு முழுவதற்கும் இந்தியருக்கென இரண்டே ஆசனங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. 1924 இல் அவற்றுக்குத் தெரிவானோர் ஐ.எக்ஸ். பெரைராவும் முகம்மது சுல்தானும் ஆவர். முகம்மது சுல்தான் காலமானதை அடுத்து வெற்றிடமான ஆசனத்துக்கே நடேசய்யர் தெரிவு செய்யப்பட்டார். ஓர் இஸ்லாமியரும் ஒரு கிறிஸ்தவரும் ஒரு பிராமணரும் அடுத்தடுத்து அதே மக்களின் பிரதிநிதிகளாக ஏற்றுக்கொள்ளப்பட்ட அந்நாட்களின் அரசியல், இன்றைய நமது வாசகர்களுக்கு ஓர் எண்ணத்தைத் தரக்கூடும்.

எனினும் அந்த இரு ஆசனங்களின் பின்னே இருந்த கணக்கை நாம் பார்க்க வேண்டும். 1921 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இந்நாட்டில் வாழ்ந்த இந்தியத் தமிழர் ஏறத்தாழ 6 இலட்சம் பேர். கல்வியும் வருமானமும் சொத்தும் வாக்குரிமைக்கு நிபந்தனைகளாக இருந்தமையால், அவர்களுள் மிகப் பெரும்பான்மையினரான தோட்டத் தொழிலாளருக்கு வாக்கு இல்லை. தமக்கு வாக்களிக்க முடியாத மக்களுக்காகவே நடேசய்யர் சபையில் வாதாடினார். இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் 1927 இல் நிறைவேறிய காலத்தில் அவர் சபை உறுப்பினராக இருந்தார்.

அடுத்து டொனமூர் ஆணைக்குழு வந்தது. சர்வசன வாக்குரிமை 1931 இல் இந்நாட்டுக்குக் கிடைத்தது. ஆனால் இந்திய வம்சாவளி மக்களுக்கு அது முழுமையாகக் கிடைக்கவில்லை. நிரந்தர வதிவிடத்தை நிரூபிக்க வேண்டும் என்ற நிபந்தனை அவர்கள் முன் வைக்கப்பட்டது. இதனால் 1931 இல் வாக்காளர் இடாப்பில் இடம்பெற்ற இந்தியர் ஏறத்தாழ 1 இலட்சம் பேர் மட்டுமே. அவர்களுக்கு வாக்குரிமை வழங்கினால் மலைநாட்டுத் தொகுதிகள் கைமாறிவிடும் என்ற அச்சம் அன்றைய கண்டியத் தலைவர்களிடையே பரவலாக இருந்தது. அந்த அச்சமே குணசிங்க போன்ற தொழிலாளர் தலைவர்களையும் பற்றிக் கொண்டது. 1920 களின் இறுதியில் குணசிங்கவிடமிருந்து நடேசய்யர் பிரிந்து செல்ல நேர்ந்தமைக்கு, பொருளாதார நெருக்கடியின் நடுவே தலைதூக்கிய இந்திய எதிர்ப்புணர்வும் ஒரு காரணமாகும்.

கொழும்பை விட்டு மலைநாட்டுக்குத் திரும்பிய அவர், 1931 இல் அட்டனைத் தலைமையகமாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். தோட்டத் தொழிலாளருக்கெனத் தோன்றிய முதலாவது தொழிற்சங்கமாக அது மதிக்கப்படுகின்றது. அவரது துணைவியார் மீனாட்சியம்மாள் இப்பணியில் சரிபாதி பங்கேற்றவர். எழுத்தறிவு குறைந்திருந்த மக்களிடம் துண்டுப் பிரசுரத்தைவிடப் பாட்டு விரைவாகச் சென்றடையும் என்பதை உணர்ந்து, தாமே பாட்டெழுதி மேடைகளில் பாடினார். மலையகப் பெண்களின் பொதுவாழ்வு வரலாறு எழுதப்படும்போது அவரது பெயர் தொடக்கப் பக்கத்தில் இடம்பெற வேண்டும்.

1936 ஆம் ஆண்டுத் தேர்தலில் அட்டன் தொகுதியிலிருந்து நடேசய்யர் அரசாங்க சபைக்குத் தெரிவானார். நாம் எடுத்துக்கொண்ட விடயத்தின் மையப்பகுதி இங்கேயே தொடங்குகின்றது.

அப்போது உள்ளூராட்சி அமைச்சராக இருந்தவர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க. கிராமச் சங்கங்களைச் சனநாயக முறைப்படி விரிவுபடுத்தும் நோக்குடன் அவர் 1937 இல் ஒரு திருத்தச் சட்டமூலத்தைக் கொண்டு வந்தார். முன்னைய சட்டத்தின் கீழ் ஐரோப்பியரும் பறங்கியரும் தோட்டங்களில் வாழ்ந்த இந்தியத் தொழிலாளரும் கிராமச் சங்க வாக்குரிமைக்குப் புறம்பாக நிறுத்தப்பட்டிருந்தனர். புதிய சட்டமூலம் முதல் இரு பிரிவினருக்கும் கதவைத் திறந்தது. மூன்றாம் பிரிவினருக்கு மூடியே வைத்தது. இந்திய அரசாங்கம் இதனை இனப்பாகுபாடு எனக் கூறி எதிர்த்தது. சபையிலிருந்த இந்திய உறுப்பினர்களும் எதிர்த்தனர்; நடேசய்யர் அவர்களுள் முன்னின்றார். எதிர்ப்பின் பின்னர் வாசகம் மாற்றப்பட்டது. இந்தியர் என்ற சொல் நீக்கப்பட்டு, தோட்டம் வழங்கிய வீட்டில் வசிக்கும் தொழிலாளர் எவரும் வாக்களிக்க முடியாது என எழுதப்பட்டது. லயன் அறைகளில் வசித்த தொழிலாளருள் மிகப் பெரும்பாலானோர் இந்தியத் தமிழராகவே இருந்தமையால், சொல் மாறியதே தவிர விளைவு மாறவில்லை.

இதற்குக் கூறப்பட்ட நியாயங்களை நாம் ஒதுக்கிவிடாது கேட்க வேண்டும். தோட்டம் தனது பாதையையும் தண்ணீரையும் மருத்துவத்தையும் தானே பார்த்துக் கொள்கின்றது என்பது ஒரு வாதம். கிராமத்தவர் செலுத்தும் வரியைத் தோட்டத் தொழிலாளி செலுத்தாதபோது, அந்தப் பணத்தைச் செலவிடும் சங்கத்தில் அவருக்கு வாக்கு எதற்கு என்பது இன்னொரு வாதம். இவற்றின் அடியில் மறைந்திருந்ததோ எண்ணிக்கை பற்றிய அச்சமே. சில நூறு குடும்பங்களைக் கொண்ட ஊவாக் கிராமம் ஒன்றின் பக்கத்தில் பல நூறு தொழிலாளர் வாழும் தோட்டம் இருக்கும்போது, இரண்டையும் ஒரே சங்கத்துள் சேர்த்தால் கிராமத்தவர் சிறுபான்மையாகிவிடுவர். காணி இழந்து நொந்திருந்த கண்டியக் கிராமத்தவரின் அந்த அச்சம் பொருளற்றதன்று. ஆனால் அதற்கான பரிகாரம் சங்கத்தின் எல்லைகளையும் வட்டாரங்களையும் நியாயமாக வகுப்பதில் இருந்ததே அன்றி, ஒரு சாராரை வாக்காளர் பட்டியலிலிருந்தே அகற்றிவிடுவதில் இருக்கவில்லை. தோட்டங்களுக்குத் தனிச் சங்கங்கள் அமைத்திருக்கலாம். தோட்டத்துக்கும் கிராமத்துக்கும் தனித்தனி வட்டாரங்கள் வகுத்திருக்கலாம். எல்லை நிர்ணயத்தால் தீர்த்திருக்கக்கூடிய ஒரு சிக்கல், உரிமை மறுப்பால் தீர்க்கப்பட்டது. தோட்டத்தைத் தமது தனி ஆட்சிப்பரப்பாகவே வைத்திருக்க விரும்பிய துரைமாருக்கும் இம்முடிவு வசதியாகவே அமைந்தது.

தோட்டத் தொழிலாளரிடம் தம்மைத் தாமே நிர்வகிக்கும் ஆற்றல் இல்லை என்று அன்று சொல்லப்பட்டதுண்டு. அதற்கு ஊவாவே விடை அளித்தது. 1940 ஆம் ஆண்டு பதுளைக்கு அண்மையிலுள்ள வேவெஸ்ஸ தோட்டத்தில் நடைபெற்ற வேலைநிறுத்தத்தின்போது, தொழிலாளர் தமக்குள் தேர்தல் நடத்தி ஒரு சபையை அமைத்தனர். அச்சபையுடன் கலந்தாலோசித்தே தோட்டத்தை நடத்துவதாகத் துரை இணங்க வேண்டியதாயிற்று. அந்த ஏற்பாடு நீடிக்கவில்லை. அதனை வழிநடத்தியவர்களும் நடேசய்யரின் சங்கத்தினர் அல்லர். லங்கா சமசமாஜக் கட்சியினரே. எனினும், சட்டம் கிராமச் சங்க வாக்கை மறுத்துச் சில ஆண்டுகளுக்குள் ஊவாத் தோட்டமொன்றின் மக்கள் தாமாகவே ஒரு மன்றத்தைத் தெரிவு செய்து காட்டினர் என்ற உண்மையை நமது உள்ளூராட்சி வரலாறு மறந்துவிடலாகாது.

நடேசய்யரின் வாழ்வில் குறைகளும் இருந்தன. 1939 இல் ஜவகர்லால் நேருவின் வருகையை ஒட்டி இலங்கை இந்தியன் காங்கிரஸ் உருவானபோது, அதனுடன் இணங்கிச் செல்ல அவரால் முடியவில்லை. தனித்து நின்று போராடிப் பழகியவருக்குக் கூட்டுத் தலைமை ஒத்து வரவில்லை எனலாம். புதிய அமைப்பு தோட்டங்களில் வேகமாக வேரூன்ற, அவரது சம்மேளனம் தேய்ந்தது. இம்மோதலில் இரு தரப்பிலும் கசப்பான வார்த்தைகள் பரிமாறப்பட்டன. ஒன்றுபட்டிருக்க வேண்டிய காலத்தில் மலையகத்தின் குரல் இரண்டாகப் பிளந்தது என்ற விமர்சனத்திலிருந்து அவரை முற்றாக விடுவிக்க நாம் விரும்பவில்லை.

அவரது இறுதி ஆண்டுகளில் சோல்பரி அரசியல் திட்டம் வந்தது. 1946 இல் தொகுதிகள் வகுக்கப்பட்டபோது, 75,000 பேருக்கு ஓர் ஆசனம் என்றும், அத்துடன் 1,000 சதுரமைல் பரப்புக்கு ஓர் ஆசனம் என்றும் விதிக்கப்பட்டது. மக்கள் தொகையை மட்டும் பார்த்தால் பரந்து கிடக்கும் மாகாணங்கள் பாதிக்கப்படும் என்பதே பரப்பளவுக்கும் இடமளித்தமைக்குக் காரணம். ஊவா போன்ற மலையும் காடும் நிறைந்த மாகாணம் இதனால் நன்மை பெற்றது. எல்லைகளை வகுப்போர் தூரத்தையும் நிலத்தையும் கணக்கில் எடுப்பது இந்நாட்டுக்குப் புதியதன்று என்பதற்கு இது ஒரு சான்று.

1947 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. பதுளையிலிருந்து எஸ்.எம். சுப்பையா பாராளுமன்றம் சென்றார். நடேசய்யர் தோல்வியுற்றார். அதே ஆண்டு நவம்பர் மாதத்தில் அவர் காலமானார். மறு ஆண்டு நிறைவேறிய குடியுரிமைச் சட்டத்தையும், 1949 இல் வந்த வாக்குரிமைத் திருத்தத்தையும் காண அவர் இருக்கவில்லை. 1952 தேர்தலில் மலையக மக்களின் பிரதிநிதி ஒருவர்கூடப் பாராளுமன்றத்துக்குத் தெரிவாகவில்லை. ஆனால் தொகுதிகளின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கும்போது வாக்கிழந்த அம்மக்களின் தலைகளும் எண்ணப்பட்டன. அவர்கள் வாழ்ந்தமையால் மலைநாட்டுக்கு ஆசனங்கள் கூடின. அந்த ஆசனங்களுக்கு வாக்களித்தவர்களோ வேறு மக்கள். சனத்தொகை என்ற ஓர் எண் எவ்வளவு நியாயமற்ற முறையில் பயன்படுத்தப்படக்கூடும் என்பதற்கு இதனைவிட வெளிப்படையான உதாரணம் நம் வரலாற்றில் இல்லை.

அவர் மறைந்த பின்னர் உள்ளூராட்சி அமைப்புப் பல மாற்றங்களைக் கண்டது. 1981 இல் ஐந்நூறுக்கும் மேற்பட்ட கிராம சபைகளும் எண்பதுக்கும் மேற்பட்ட பட்டின சபைகளும் ஒழிக்கப்பட்டு, அவற்றின் பணிகள் மாவட்டத்துக்கு ஒன்றான 24 அபிவிருத்தி சபைகளிடம் கையளிக்கப்பட்டன. மன்றம் மக்களிடமிருந்து மிகத் தொலைவாகிவிட்டது என்ற முறைப்பாடு எழவே, 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தால் பிரதேச சபைகள் தோற்றுவிக்கப்பட்டன. அவற்றின் எல்லைகள் மக்கள் தொகையை ஆராய்ந்து வகுக்கப்பட்டவை அல்ல. உதவி அரசாங்க அதிபர் பிரிவுகளே பெரும்பாலும் பிரதேச சபைகளாயின. இதன் விளைவை நுவரெலியா மாவட்டம் முப்பது ஆண்டுகள் அனுபவித்தது. நாட்டின் பல பிரதேச சபைகள் சில பத்தாயிரம் பேருக்குச் சேவை செய்ய, அம்பகமுவ பிரதேச செயலகப் பிரிவிலும் நுவரெலியா பிரதேச செயலகப் பிரிவிலும் தலா 2 இலட்சத்துக்கும் அதிகமானோர் வாழ்ந்தனர். நீண்ட கோரிக்கைகளின் பின், 2018 பெப்ரவரித் தேர்தலுக்கு முன்னதாகவே இவ்விரு சபைகளும் ஆறாக்கப்பட்டன. அம்பகமுவையிலிருந்து நோர்வூட், மஸ்கெலியா ஆகியனவும், நுவரெலியாவிலிருந்து கொட்டகலை, அக்கரபத்தனை ஆகியனவும் தனிச் சபைகளாயின.

இன்னொரு தடையும் 2018 வரை நீடித்தது. பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, சபையின் நிதியைத் தோட்டக் குடியிருப்புகளில் செலவிடுவதற்குக் குறுக்கே நின்றது. தோட்ட மக்கள் குடியுரிமை பெற்றார்கள், வாக்களித்தார்கள், சபைக்கு உறுப்பினர்களையும் தவிசாளர்களையும் அனுப்பினார்கள். அந்த உறுப்பினரால் தமது லயத்துப் பாதையைச் செப்பனிடுவதற்குச் சபையின் பணத்தைத் தயக்கமின்றி ஒதுக்க முடியவில்லை. தோட்டம் தன்னைத் தானே பார்த்துக் கொள்ளும் என்ற 1937 ஆம் ஆண்டு வாதமே, எண்பது ஆண்டுகளின் பின்னரும் அச்சட்டப் பிரிவில் உயிர் வாழ்ந்தது என்று கூறின் மிகையாகாது. 2018 இல் அப்பிரிவு திருத்தப்பட்டது.

இனி ஊவாவுக்கு வருவோம். பதுளை மாவட்டத்தில் பதுளை, பண்டாரவளை ஆகிய இரு மாநகர சபைகளும், அப்புத்தளை நகர சபையும், 15 பிரதேச சபைகளுமாக 18 மன்றங்கள் உள்ளன. 2012 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் சனத்தொகை 8 இலட்சத்தைத் தாண்டியிருந்தது. ஒரு மன்றத்துக்குச் சராசரியாக 45,000 பேர் என்பது கணக்கு. இச்சராசரி எதனையும் முழுமையாகக் கூறுவதில்லை. சில ஆயிரம் பேர் மட்டுமே வாழும் அப்புத்தளை நகர சபையும், தாழ்நிலத்தில் பரந்து விரிந்த மகியங்கனையும், சரிவுகளில் தோட்டங்கள் சிதறிய அல்துமுல்லையும் ஒரே அளவுகோலால் அளக்கத்தக்கவை அல்ல.

நுவரெலியாவின் பரிகாரத்தை அப்படியே பதுளைக்குப் பெயர்த்தெடுக்கவும் இயலாது. அங்கு தோட்ட மக்கள் பெரும்பான்மையினர்; சபை பெருத்துப் போனதே அவர்களது குறை. இங்கு இந்தியத் தமிழர் மாவட்ட சனத்தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானோர். முஸ்லிம்கள் நூற்றுக்கு ஐந்து அல்லது ஆறு பேர். தோட்ட மக்கள் பல பிரதேச சபைகளில் பிரிந்து கிடக்கின்றனர். முஸ்லிம்கள் பதுளை, பண்டாரவளை நகரங்களிலும், குருத்தலாவை, சில்மியாபுர போன்ற ஊர்களிலும் செறிந்து வாழ்கின்றனர். இத்தகைய மக்களுக்கு மன்றத்தின் மொத்த அளவைவிட வட்டாரத்தின் எல்லைக்கோடே முக்கியமானது. செறிந்து வாழும் ஓர் ஊரை இரண்டு வட்டாரங்களுக்கிடையே பிளந்தால், சட்டம் எதனையும் மறுக்காமலே அவ்வூரின் குரல் மறைந்துவிடும். சிறு மன்றங்களை இணைத்துப் பெரிதாக்கும் யோசனை எழும்போதும் இந்த ஆபத்தை நாம் கவனிக்க வேண்டும். பெரிய மன்றத்துக்குப் பணமும் பொறியியலாளரும் வாகனமும் இருக்கும் என்பது உண்மையே. சிறிய மன்றம் சம்பளம் கொடுத்து முடிந்தபின் பாதைக்குக் கல் வாங்கவும் வழியற்று நிற்பதும் உண்மையே. ஆயினும் இணைப்பால் மிச்சமாகும் பணம், சபை அலுவலகத்துக்கு ஒரு நாட்கூலியை இழந்து பேருந்தேறிச் செல்ல வேண்டிய தோட்டத் தொழிலாளியின் பையிலிருந்து எடுக்கப்படுவதாக அமைந்துவிடக் கூடாது.

ஆகவே, நாடு முழுவதற்கும் பொருந்தும் ஒரே சனத்தொகை எண்ணைத் தேடுவதை விடுத்து, ஒரு கீழெல்லையையும் ஒரு மேலெல்லையையும் வகுத்து, அவற்றுக்கு இடையே நிலத்துக்கும் தூரத்துக்கும் இடமளிப்பதே பொருத்தமானது என்பது நமது கருத்து. 1946 இல் தொகுதிகளுக்குப் பரப்பளவுச் சலுகை வழங்கிய நாட்டுக்கு இது கடினமானதன்று. வட்டார எல்லைகளை வகுக்கும்போது லயன் குடியிருப்புகளை நேரில் சென்று பார்வையிட வேண்டும். ஒரு தோட்டத்தின் பிரிவுகளை வெவ்வேறு சபைகளுக்குப் பங்கிடுவதைத் தவிர்க்க வேண்டும். தோட்ட மக்களைச் சனத்தொகையில் எண்ணி அதனடிப்படையில் நிதி பெறும் சபை, அந்நிதியின் உரிய பங்கைத் தோட்டத்துக்குள் செலவிடுகின்றதா என்பது ஆண்டுதோறும் பகிரங்கப்படுத்தப்பட வேண்டும். 33 ஆம் பிரிவு திருத்தப்பட்ட பின்னர் இதற்குச் சட்டத்தைச் சாட்டுக் கூறுவது எடுபடாது.

இவை வெறும் நிர்வாக நுணுக்கங்கள் என எண்ணுவோர் 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதியை நினைத்துப் பார்க்கட்டும். அன்று கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்பது முன்னரே அறியப்பட்டிருந்தது. ஆனால் மக்களை அங்கிருந்து அகற்றி வேறிடத்தில் குடியமர்த்தும் பொறுப்பு எவருடையது என்பதோ தெளிவாக இருக்கவில்லை. தோட்ட நிர்வாகம் ஒரு பக்கமும் அரசாங்க நிறுவனங்கள் மறுபக்கமுமாக நிற்க, இடையில் மாண்டவர்கள் தொழிலாளரும் அவர்களது பிள்ளைகளுமே. தமது குடியிருப்பின் மீது தெளிவான கடமையும் அதிகாரமும் பணமும் உள்ள உள்ளூர் மன்றம் ஒன்று அருகில் இருந்திருப்பின், அந்த எச்சரிக்கை ஒரு கோப்புக்குள் உறங்கியிருக்க நியாயமில்லை.

நடேசய்யரின் வரலாற்றைச் சாரல்நாடன் நூலாக எழுதி வைத்தமையால் இன்றைய தலைமுறை அவரை அறிய முடிகின்றது. தொழிற்சங்கத் தந்தையாகவும் பத்திரிகையாளராகவும் அவர் போற்றப்படுகின்றார். கிராமச் சங்க வாக்குரிமைக்காக அவர் வாதாடித் தோற்ற அத்தியாயம் மட்டும் அதிகம் பேசப்படுவதில்லை. அவர் கேட்டது பெரிய ஆட்சியதிகாரம் அன்று. கிணறு, பாதை, மருந்தகம் ஆகியவற்றைப் பற்றித் தீர்மானிக்கும் சின்னஞ்சிறு சங்கத்தில், அங்கேயே பிறந்து உழைத்து மடியும் மனிதனுக்கும் ஒரு வாக்கு என்பதே. அந்த வாக்கு இன்று நம்மிடம் உண்டு. எல்லை நிர்ணயம் குறித்து மக்களின் யோசனைகள் கோரப்படும்போதெல்லாம், ஊவாவின் தோட்டக் கமிட்டிகளும் ஆலய, பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஆசிரியர்களும் தத்தம் ஊரின் வரைபடத்துடனும் குடும்ப எண்ணிக்கையுடனும் எழுத்து மூலம் முன்வருதல் வேண்டும். கணக்குப் பதிவைத் தமிழில் கற்பித்த அந்த ஆசிரியருக்கு நாம் செலுத்தக்கூடிய பொருத்தமான அஞ்சலி, நம் கணக்கை நாமே சரியாக எழுதி உரிய இடத்தில் சமர்ப்பிப்பதே ஆகும்.